ஓசூர் வேலையா, பி.எஸ்சி.யா: பாலக்கோடு தம்பிக்கு

தம்பி, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கும் நேரத்தில் ஓசூரில் ஒரு கம்பெனி மாதம் 15,000க்குக் கூப்பிடுகிறது, டிகிரி வாங்கி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வயதில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குப் பஸ் ஏறியவன்தான். ரூம் வாடகை, மெஸ் போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எனக்குப் பாதிகூட நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த அன்று ஒரு எஸ்எம்எஸ், அவ்வளவுதான்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்குக்கு வரும் (2024இல் தொடங்கியது, தங்கை இருந்தால் அவளுக்குப் புதுமைப் பெண்). அரசு வேலைத் தேர்வில் குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆனால் குரூப் 2, பி.எட். இதற்கெல்லாம் டிகிரி இல்லாமல் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இது எனக்கு உறைத்தது 27 வயதில். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தொலைநிலைக் கல்வியில் படித்தேன், பாதிப் பாடம் தூக்கத்தில் போச்சு.

சும்மா பேருக்குப் போய் வருவதாக இருந்தால் மட்டும் வேண்டாம். அதற்குப் பாலிடெக்னிக் மேல், கணிதம் இயற்பியல் வேதியியல் எடுத்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம்.

சரி, தக்காளி விலை விழுந்து அப்பாவுக்குக் கடன் என்றீர்களே, எவ்வளவு, வட்டி என்ன? அதைச் சொல்லுங்கள், கணக்கை மாற்றக்கூடியது அது ஒன்றுதான்.