அண்டார்டிகா ஆராய்ச்சி நிலையங்களில் சேரும் குப்பையை என்ன செய்வார்கள்? பனியில் புதைத்துவிடுவார்களா?

புதைப்பதில்லை. கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் விஞ்ஞானி இல்லை. ஒரு கோடைப் பருவம் முழுக்க அங்கே சமையல்கட்டில் இருந்தவன். எந்த நிலையம், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்.

உங்கள் சந்தேகம் அந்தக் காலத்துக்குச் சரி. அமெரிக்கர்களின் மெக்மர்டோ நிலையத்தில் குப்பையைக் கடல்பனிமேல் குவித்துவிட்டு, கோடையில் பனி உடையும்போது கூடவே போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தான ஒப்பந்தம் 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்றாவது இணைப்பு முழுக்கக் குப்பைதான். பேட்டரி, ரப்பர், இன்ஜின் ஆயில், தெர்மோகோல், காலி டீசல் பேரல் எல்லாம் கப்பலேறி வெளியே போயாக வேண்டும். சாப்பாட்டு மிச்சத்தை இன்சினரேட்டரில் எரிக்கலாம், ஆனால் சாம்பலைத் திருப்பிக் கொண்டுவரணும். தின்ற கோழி எலும்பைக்கூட வெளியே வீச முடியாது; கோழி நோய் அங்குள்ள பறவைகளுக்குத் தொற்றிவிடும் என்ற பயம். ஸ்குவா என்ற பறவை நம்மூர்க் காக்கையைவிடக் கெட்டிக்காரத் திருடன், மூடியைத் திறந்துவைத்தால் போச்சு.

(கழிவுநீரைக் கடலில் விடுகிறார்களே என்று ஒருவர் வருவார். ஆமாம், கரையோர நிலையங்களுக்கு அனுமதி உண்டு. முப்பது பேர் அளவுக்கு மேல் இருந்தால் குறைந்தது அரைத்தாவது விடணும். அந்த விதியை நான் எழுதவில்லை.)

இனி என் கதை. பொங்கலன்று கிச்சன் கடிகாரம் நின்றுவிட்டது. செல் மாற்றினேன். பழைய பென்சில் செல் இரண்டையும் டிஷ்யூவில் சுற்றினேன், அடுப்பில் பால் பொங்கியது, கையில் இருந்ததை அப்படியே சாப்பாட்டு டிரம்மில் போட்டுவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எரிக்கப்போகிற டிரம் அது. லீடரிடம் சொன்னேன். திட்டவில்லை. "தேடுங்க" என்றார், அவ்வளவுதான்.

வெளியே இருந்த டிரம் கல்லாக உறைந்திருந்தது. ஜெனரேட்டர் அறை ஓரத்தில் வைத்து இளகவிட்டு, கையுறை போட்டுப் பிசைந்து பிசைந்து பார்த்தேன். பருப்பு, எலும்பு, முட்டை ஓடு. முதல் டிரம்மில் இல்லை. இரண்டாவதில், மிஞ்சிப்போன சர்க்கரைப்பொங்கல் கட்டிக்குள் முந்திரியோடு முந்திரியாக இருந்தன இரண்டும். மூன்று மணி நேரம். அன்றிலிருந்து சர்க்கரைப்பொங்கல் என்றால் எனக்கு டீசல் வாடைதான் வருகிறது.

இதை ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னதற்கு மச்சான் கேட்டார், "அவ்ளோ தூரம் குப்பை பொறுக்கவா போனீங்க?" நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் அடுக்குமாடியில் நான் ஈரம், காய்ந்தது என்று பிரித்து வைப்பதைக் கீழே ஒரே வண்டியில் கொட்டுகிறார்கள். கேட்டால், "சார் இன்னும் அண்டார்டிகாலயே இருக்காரு" என்று கிண்டல். செத்த செல்களை மட்டும் கொடுக்க மனசு வராமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். பாட்டில் நிரம்பிவிட்டது, வீட்டில் தினமும் பேச்சு. தாம்பரம் பக்கம் எங்கே வாங்கிக்கொள்கிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.