ஒரே பெயர், வேறு வேறு ஆள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கொள்ளுத்தாத்தாவின் பெயரில் ஒரே ஊரில், ஐந்து வருட இடைவெளியில் இரண்டு இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. எது அவருடையது?

இப்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இறப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் வாழ்ந்த காலத்துப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். தாளின் நடுவே கோடு போட்டு, வயது, தொழில், மனைவி பெயர், சாட்சிகள் என்று கிடைப்பதையெல்லாம் இரு பக்கமும் பிரித்து எழுதுங்கள். யாருடையது என்று புரியாததைக் கீழே தனியாக வையுங்கள். வலிந்து எந்தப் பக்கமும் தள்ளாதீர்கள்.

ஒரே பெயர், ஒரே பிறந்த வருடம் கொண்ட இருவரை மாதக்கணக்கில் ஒருவர் என்றே நம்பியிருக்கிறேன். இரண்டு பத்திரங்களை அருகருகே வைத்தபோதுதான் உறைத்தது. முந்தையதில் முத்து முத்தான கையெழுத்து. மூன்று வருடம் கழித்து எழுதியதில் கைநாட்டு. உடல்நலம் கெட்டு ரேகை வைத்திருக்கலாமே என்று சாட்சிகளைப் பார்த்தேன். ஒருவர்கூடப் பொதுவாக இல்லை. மனைவி பெயரும் வேறு.

இன்னும் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது பல சமூகங்களில் இருந்தது. அதனால் ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவுகள் வரலாம். பழைய ஆங்கிலப் பதிவுகளில் வரும் 'சீனியர்', 'ஜூனியர்' என்பவையும் எப்போதும் தகப்பன், மகன் அல்ல. ஒட்டோ உறவோ இல்லாத இருவரில் மூத்தவர், இளையவர் என்றும் பொருள் உண்டு. மூத்தவர் இறந்ததும் ஜூனியரே சீனியராகப் பதிவாவார்.

வேலைக்கு விண்ணப்பித்தவரின் பெயரில் ஒரு குற்ற வழக்கு இருக்கிறது. நிராகரிக்கலாமா?

பெயரை மட்டும் வைத்து வேண்டவே வேண்டாம். வழக்கு எண்ணை எடுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், முகவரி பொருந்துகின்றனவா என்று பாருங்கள். முடிவெடுக்கும் முன் அவரிடமே கேளுங்கள். செய்யாத குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவருக்குக் காரணம்கூடத் தெரியாமல் போவது பெரிய அநியாயம்.

யாரோ வாங்கிய கடன் என் கடன் அறிக்கையில் வந்திருக்கிறது. என்ன செய்வது?

அறிக்கை தந்த நிறுவனத்திடம் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். "அது நானில்லை" என்பது மட்டும் போதாது. எந்தக் கணக்கு, எந்தத் தேதி, அந்த நாளில் நீங்கள் எந்த முகவரியில் இருந்தீர்கள் என்பதை ஆதாரத்தோடு காட்டுங்கள். இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. அமெரிக்காவில் 2011இல் கார் வாங்கப்போன ஒருவருக்கு, அரசின் பயங்கரவாதிகள், போதைக் கடத்தல்காரர்கள் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகச் சொல்லி விற்க மறுத்தார்கள். கடன் அறிக்கை தரும் டிரான்ஸ்யூனியன் நிறுவனம் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டிருந்தது. பிறந்த தேதியைச் சேர்த்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவர் வழக்குத் தொடுத்தார். 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அந்த வழக்கில், இப்படிக் குறிக்கப்பட்டவர்கள் 8,185 பேர்.

என் ஆய்வுக் கட்டுரைகளோடு வேறொருவருடையவை கலந்துவிடுகின்றன.

ஆர்கிட் (ORCID) எண் வாங்குங்கள். ஒவ்வொரு ஆய்வாளரையும் தனியே அடையாளம் காட்டும் எண் அது. 2012இல் தொடங்கியது, 16 இலக்கம், ஆய்வாளர்களுக்கு இலவசம். இனி அனுப்பும் கட்டுரைகளில் சேர்ப்பதோடு, பழையவற்றையும் அதில் இணைத்துவிடுங்கள்.

என் முதல் நூல் வரப்போகிறது. அதே பெயரில் இன்னொரு எழுத்தாளர் இருக்கிறார்.

1899இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் இதே சிக்கல். அமெரிக்காவில் அதே பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர் இருந்தார். பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமரானவர் தாமே கடிதம் எழுதி, தம் நூல்களில் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்' என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னார். நம் புறநானூற்றிலும் உறையூர் மருத்துவன் தாமோதரனார் ஒருவர், வடம வண்ணக்கன் (நாணயம் சோதிப்பவர்) தாமோதரனார் இன்னொருவர். ஊரும் தொழிலும் சேர்ந்ததால்தான் இன்றும் அவர்களைப் பிரித்தறிகிறோம். நீங்களும் ஓர் அடைமொழியையோ முழு இனிஷியலையோ சேருங்கள், அச்சுக்குப் போகும் முன்பே. பிறகு மாற்றினால், நூலகப் பட்டியலில் உங்கள் நூல்களே இரண்டு ஆசிரியர்களின் பெயரில் பிரிந்து கிடக்கும்.