கட்டைவிரலை விடாத பிள்ளை: கேள்வி பதில்

புதுச்சேரியில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கத் தொடங்கி 19 வருடம் ஆகிறது. விரல் சூப்பும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: வேப்பெண்ணெய், மிளகாய், சூடு. இந்த மூன்றும் பிள்ளையின் விரல் பக்கமே போகக்கூடாது.

மஞ்சக்குப்பம், ஓர் அம்மா: பையனுக்கு நாலு மாதம். எந்நேரமும் விரல் வாயில்தான். இப்போதே தடுத்தால்தான் பழகாது என்கிறார் மாமியார்.

தடுக்க வேண்டாம். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை விரல் சூப்புவதை ஸ்கேனில் பார்க்கலாம். பசியா என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுவார்கள். ஆலிலைக் கண்ணன் படத்தில் கால்விரலைச் சுவைத்தபடி படுத்திருப்பானே, அந்த வயதுக்கு அது அழகுதான்.

பாகூர், ஓர் அம்மா: மகளுக்கு 5 வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். திட்டியும் பார்த்தாயிற்று, அடித்தும் பார்த்தாயிற்று. எத்துப்பல் வந்துவிடுமா?

விடாவிட்டால் வரும். வாய்க்குள் போன விரல் மேல் முன்பல்லை வெளியே தள்ளும், கீழ்ப்பல்லை உள்ளே சாய்க்கும். உறிஞ்சும்போது இரண்டு கன்னமும் அழுத்துவதால் மேல்தாடை குறுகும். நாளடைவில் வாயை மூடினாலும் மேலும் கீழும் முன்பற்கள் சேராது, நடுவில் சந்து விழும். வீட்டிலேயே ஒரு கொய்யாத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். முன்பல்லால் கடிக்காமல் கடைவாய்ப் பக்கம் ஒதுக்கிக் கடித்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. விரலைச் சும்மா வாயில் வைத்திருப்பது வேறு, ராத்திரி முழுக்கச் சத்தம் வர உறிஞ்சுவது வேறு. கையைப் பார்த்தாலே தெரியும். மற்ற ஒன்பது விரலும் மண்ணும் கிரேயானுமாக இருக்கும். அந்த ஒன்று மட்டும் வெளுத்துச் சுருங்கி, முட்டியில் காய்த்துப் போயிருக்கும்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நிலையான முன்பற்கள் 6, 7 வயதில் முளைக்கத் தொடங்கும். அதற்குள் விட்டுவிட்டால் முன்பல் சந்து பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். குறுகிப்போன மேல்தாடை அப்படித் தானாக விரிவது குறைவு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் அடியை நிறுத்துங்கள். பயந்த பிள்ளைக்கு ஆறுதலே அந்த விரல்தான். ஒரு வாரம் எதுவும் சொல்லாமல், விரல் எப்போதெல்லாம் வாய்க்குப் போகிறது என்று குறித்து வையுங்கள். டிவி முன்னாலா, வேனில் வரும்போதா, தூக்கம் வரும்போதா? என்னிடம் வந்த ஒரு சின்னப் பெண் இடது கையால் அம்மாவின் பழைய முந்தானைத் துணியை நிமிண்டிக்கொண்டேதான் வலது விரலைச் சூப்புவாள். நான் விரலைப் பற்றிப் பேசவே இல்லை. பகலில் துணியை அவளே ஒரு பெட்டியில் போட்டுத் தூங்க வைக்கட்டும், ராத்திரி எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். நிமிண்டத் துணி இல்லாதபோது விரல் ஞாபகமும் குறைந்துவிட்டது. உங்கள் மகளின் இன்னொரு கை அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், ஒரே ஒரு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். டிவி நேரம் என்றால் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள்: பட்டாணி உரிக்கலாம், மாவு உருட்டலாம். சூப்பாமல் கழிந்த நாளில் மாதக் காலண்டரில் அந்தத் தேதி மேல் அவளே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டட்டும். தவறிய நாளைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். பகல் சரியான பிறகு ராத்திரிக்கு வாருங்கள். அவள் சம்மதித்தால் கையில் ஒரு சாக்ஸ் போதும்.

திருப்பாதிரிப்புலியூர், ஒரு தாத்தா: என் நாலு பிள்ளைகளுக்கும் வேப்பெண்ணெய் தடவித்தான் இந்தப் பழக்கத்தை நிறுத்தினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது பேத்திக்குத் தடவ வேண்டாம் என்கிறீர்களே?

ஆமாம் ஐயா, வேண்டாம். வேப்பெண்ணெய் உள்ளே போனால் சின்னப் பிள்ளைக்கு வாந்தி, அசாத்தியத் தூக்கம், வேகமூச்சு, வலிப்பு வரை போகும். 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள், உயிர்போனதும் உண்டு. ஒரு டீஸ்பூன் அளவே ஆபத்தாகலாம். விரல் நுனியில் தடவுவது அவ்வளவு இல்லை என்பீர்கள், உண்மைதான். ஆனால் தினமும் தடவுகிற வீட்டில் பாட்டில் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். என் பயம் அந்தப் பாட்டில்தான்.

அரியாங்குப்பம், ஓர் அப்பா: 3 வயசுப் பையன் சூப்புகிறான். பல் வெளியே வருமா?

பாகூர் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். 3 வயதில் அவசரம் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் தாத்தா, மறுபடியும்: வேப்பங்குச்சியில் பல் தேய்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேம்பையே விஷம் என்றால் எப்படி?

வேப்பங்குச்சியை நான் குறை சொல்லவில்லை ஐயா. குச்சியை மென்று துப்புகிறோம். எண்ணெய் கொட்டையிலிருந்து பிழிந்தது, அதை விழுங்கும்போதுதான் ஆபத்து. மரம் ஒன்றாக இருக்கலாம், இலை, குச்சி, எண்ணெய் மூன்றும் ஒன்றில்லை.

நெல்லிக்குப்பம், ஓர் ஆயா: தாத்தா சொல்வதுதான் சரி. எண்ணெய் வேண்டாம் என்றால் வசம்பை உரைத்துத் தடவலாமே, பிள்ளை வளர்ப்பான் என்று பேரே இருக்கிறதே.

வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு பொருள் உண்டு. எலிகளுக்குக் கொடுத்தபோது புற்றுநோய் வந்ததால், 1968 முதல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கவே தடை. கையில் கட்டும் வசம்பு வளையலைக்கூடப் பிள்ளை சப்பும், அதையும் கழற்றி வையுங்கள் ஆயா. கசப்புதான் வேண்டுமென்றால், நகத்தில் பூசவென்றே மருந்துக்கடையில் ஒரு பூச்சு விற்கிறது. விவரம் தெரிந்த, தானே ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு மட்டும், டாக்டரைக் கேட்டுவிட்டு. தண்டனையாகப் பூசினால் பிள்ளை விரலைத் துடைத்துவிட்டுச் சூப்பும்.

வில்லியனூர், ஓர் அம்மா: விரல் சூப்பினால் பூச்சி வருமா?

கை அழுக்காக இருந்தால் வரும். 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குக் குடற்புழு நீக்க நாளில் பால்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள்; 2 வயதுக்குள் அரை மாத்திரை, மேலே முழு மாத்திரை. தவறவிட்டிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முத்தியால்பேட்டை, ஓர் அம்மா: 8 வயது மகன், படுத்தால் விரல்தான். கிளாசில் கேலி செய்கிறார்கள். கம்பி போடலாமா?

போடலாம், அவன் விட விரும்பினால். அண்ணத்தில் பொருத்தும் கம்பி விரல் அங்கே சுகமாகப் படியவிடாது. முதல் சில நாள் பேச்சு குழறும், சாப்பிடச் சிரமப்படுவான், அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். பழக்கம் நின்ற பிறகும் சில மாதம் கம்பி இருக்க வேண்டும். கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்தில் காட்டுங்கள். கடலூர்ப் பக்கத்தவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பண்ருட்டி, ஓர் அப்பா: 5 வயசு. பல் வெளியே வருமா? மிளகாய்த்தூள் தடவலாமா?

முதல் கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதிவிட்டேன், தயவுசெய்து மேலே படியுங்கள். மிளகாய் வேண்டவே வேண்டாம். அந்தக் கையாலேயே பிள்ளை கண்ணைக் கசக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் தாத்தா: நீங்கள் சொல்வதை நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டேன். ராத்திரி பேத்தி என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

ரொம்ப நன்றி ஐயா. ராத்திரி கதை சொல்லும்போது விரல் சூப்புகிற அவள் கையை உங்கள் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், பிடித்து வைக்கக்கூடாது. தூங்கின பிறகு விரல் வாயில் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் செய்துவிட்டு எழுதுங்கள்.

முதுநகர், ஒரு தம்பி: எனக்கு 24 வயது, இன்னும் தூக்கத்தில்...

இது குழந்தைகள் பகுதி தம்பி. பல் சீரமைப்பு மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.