வாசகர் கேள்வி: படிக்காத நூலுக்கு அடிக்குறிப்பு போடலாமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிவருகிறேன். ஒரு கட்டுரை எடுத்தாண்டிருக்கும் பழைய ஆய்வை, நான் பார்க்காமலேயே என் அடிக்குறிப்பில் சேர்க்கலாமா? கருத்தை என் நடையில் எழுதிவிட்டாலும் மூலத்தைக் குறிப்பிட வேண்டுமா?

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டும். நடை உங்களுடையதானாலும் சரக்கு அவருடையதுதானே? கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது போன்ற ஊரறிந்த செய்திக்கு மட்டும் சாட்சி தேவையில்லை.

முதல் கேள்விதான் வில்லங்கமானது. 1980-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் போர்ட்டர், ஜிக் என்ற இருவரின் கடிதம் வெளிவந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் ஓப்பியம் (அபின்) வகை மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு போதைப் பழக்கம் இல்லாமல் புதிதாக அடிமையானவர்களாகத் தெளிவாகப் பதிவானோர் நால்வர்தான் என்றது அது. அம்மருந்தை வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குவோரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2017-இல் கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது 608 கட்டுரைகள் அதை எடுத்தாண்டிருந்தன. அவற்றில் 491, அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. ஐந்து வாக்கியத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகும்?

ஆகவே, மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகம் வகுத்த மேற்கோள் முறை) முறைப்படி, நீங்கள் படித்த கட்டுரை மட்டுமே துணைநூற்பட்டியலில் இடம்பெறும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஆய்வேடுகளைத் திருத்துகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: நான் முதலில் புரட்டுவது துணைநூற்பட்டியலைத்தான். இரவல் அடிக்குறிப்பு தன் பிழைகளையும் கூட்டிக்கொண்டு வரும். ஒரு கட்டுரையில் தவறாக அச்சான பக்க எண் ஆய்வேட்டிலும் அச்சுப்பிசகாமல் இருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்கவா வேண்டும்?

ஏபிஏவா, எம்எல்ஏவா (அமெரிக்காவின் நவீன மொழிக் கழகம் வகுத்த மேற்கோள் முறை) என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முன்னது ஆசிரியர் பெயரோடு ஆண்டைக் கேட்கும். பின்னது பக்கத்தைக் கேட்கும். உங்கள் துறை சொல்வதைப் பின்பற்றுங்கள். எதுவானாலும் குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, பதிப்பு, பக்கம் நான்கையும் எழுதிவிடுங்கள். வரிக்கு வரி எடுத்த பகுதிக்கு அப்போதே மேற்கோள்குறியும் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது உங்கள் வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது.