ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கலாமா? பரிசோதனை அறிக்கையைப் படிப்பது குறித்த கேள்விகளும் பதில்களும்

டீசல் லாரிகளின் என்ஜின் ஆயிலைப் பரிசோதித்து, அந்த முடிவைக் கொண்டு ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில், பலருக்கும் பொதுவான கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, இடைவெளியை நீட்டிப்பது இந்தப் பரிசோதனையின் இரண்டாவது பயன்தான். என்ஜினுக்குள் தொடங்கியிருக்கும் கோளாறை, ஓட்டுநரின் காதுக்கு எட்டும் முன்பே காட்டிக்கொடுப்பது முதல் பயன். 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் ஆய்வகம், ஓடிய ஆயிலில் கலந்திருந்த உலோகங்களை அளந்து டீசல் என்ஜின் கோளாறுகளைக் கண்டறிந்தபோது அதன் நோக்கமும் இதுவாகவே இருந்தது.

கேள்வி: புதிய ஆயில் ஊற்றிச் சில நாட்களிலேயே கறுத்துவிடுகிறது. அப்படியிருக்க, இடைவெளியை எப்படி நீட்டிப்பது?

நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரித்துகள்கள் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் சேர்கின்றன. அவை திரண்டு படிந்துவிடாமல் தனித்தனியே மிதக்க வேண்டும் என்பதற்காகவே ஆயிலில் சில வேதிப்பொருட்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே, கறுத்த ஆயில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்றே பொருள். கரி எத்தனை சதவீதம் என்பதே கேள்வி. அதைக் கண்ணால் அளக்க முடியாது.

கேள்வி: அறிக்கையில் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. இடைவெளியை நீட்டிக்கலாமா என்று முடிவெடுக்க எவற்றைப் பார்க்க வேண்டும்?

அந்த எண்கள் எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும். ஆயிலின் உடல்நிலையைச் சொல்பவை முதல் வகை: பாகுத்தன்மை (ஆயிலின் தடிப்பு), கார எண் (அமிலத்தை முறிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் திறன்), அமில எண் (ஆயிலில் சேர்ந்த அமிலத்தின் அளவு), ஆக்சிஜனேற்றம் ஆகியவை. ஆயிலுக்குள் வரக்கூடாதவை வந்திருப்பதைச் சொல்பவை இரண்டாம் வகை: தூசி, டீசல், கூலண்ட், தண்ணீர், கரி. என்ஜின் பாகங்கள் தேய்வதைச் சொல்லும் உலோகங்கள் மூன்றாம் வகை: சிலிண்டரின் உட்சுவரான லைனரிலிருந்தும் கியர்களிலிருந்தும் இரும்பு, ரிங்குகளிலிருந்து குரோமியம், பிஸ்டனிலிருந்து அலுமினியம், பேரிங்குகளிலிருந்து ஈயமும் செம்பும் வெள்ளீயமும்.

ஆயிலில் இன்னும் வலு மிச்சமிருக்க வேண்டும். அந்நியப் பொருள் எதுவும் வந்திருக்கக் கூடாது. தேய்மானத்தின் வேகம் கூடியிருக்கக் கூடாது. இம்மூன்றும் ஒருசேர அமைந்தால் மட்டுமே இடைவெளியை நீட்டிப்பது பற்றி யோசிக்கலாம். ஆயில் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தூசி புகுந்துகொண்டிருக்கும் என்ஜினில் அதை மேலும் ஓடவிடுவது லைனரைத் தீட்டுவதற்குச் சமம்.

தேய்மானத்தைப் பார்க்கும்போது மொத்த அளவைப் பார்க்காமல் வேகத்தைப் பாருங்கள். 10,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலில் இரும்பு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), 20,000 கிலோமீட்டர் ஓடியதில் 40 பிபிஎம் என்று வந்தால் கவலை இல்லை. இரண்டிலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 2 பிபிஎம்தான். இரண்டாவது மாதிரியில் 70 பிபிஎம் வந்திருந்தால், ஆயில் பாதுகாக்கும் திறனை இழந்துவருகிறது அல்லது வேறொரு கோளாறு தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நீட்டிப்பை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

இடையில் ஊற்றிய ஆயிலின் கணக்கும் இங்கே வேண்டும். அடிக்கடி ஆயில் குறைந்து, அடிக்கடி ஊற்றப்படும் என்ஜினில் புதிய ஆயில் உலோக அளவை நீர்த்துப்போகச் செய்வதோடு கார எண்ணையும் தூக்கிவிடுவதால், தேய்ந்த என்ஜினின் அறிக்கை நல்ல என்ஜினின் அறிக்கையைவிட அழகாகத் தெரியக்கூடும்.

கேள்வி: ஆயில் நிறுவனத்தின் தகவல் தாளில் கார எண் 10 என்று இருக்கிறது. ஓடாத புதிய ஆயிலையே ஆய்வகத்துக்கு அனுப்பியபோது அதைவிடக் குறைவாக வந்தது. ஆயில் போலியானதா?

அவசரப்பட வேண்டாம். கார எண்ணை அளக்க இரண்டு முறைகள் பரவலாகப் புழங்குகின்றன. ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் டி2896 என்ற முறையில் பெர்க்ளோரிக் அமிலத்தையும், டி4739 என்ற முறையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பயன்படுத்துகிறார்கள். முதல் முறை வலிமை குறைந்த காரங்களையும் சேர்த்து எண்ணுவதால், அதே ஆயிலுக்குப் பெரும்பாலும் கூடுதலான எண்ணைத் தரும். ஆயில் நிறுவனங்கள் வழக்கமாக அச்சிடுவது அந்த எண்ணைத்தான். ஓடிய ஆயிலுக்குப் பல ஆய்வகங்கள் இரண்டாவது முறையைக் கையாள்கின்றன. எனவே, எந்த முறையில் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் லாரியில் ஊற்றும் ஆயிலின் புதிய மாதிரி ஒன்றை, ஓடிய மாதிரிகளை அனுப்பும் அதே ஆய்வகத்துக்கே அனுப்பி, அதில் வரும் எண்ணைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வதே சரியான வழி. கார எண் புதிய ஆயிலில் இருந்ததில் பாதியாகக் குறைந்ததும் மாற்ற வேண்டும் என்பது பழகிப்போன விதி. நான் அமில எண்ணையும் சேர்த்தே பார்க்கச் சொல்வேன்: கார எண் இறங்கிவர, அமில எண் ஏறிவர, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் இடத்துக்கு முன்பே ஆயிலை மாற்றிவிட வேண்டும். கந்தகம் 10 அல்லது 15 பிபிஎம் அளவுக்குக் குறைக்கப்பட்ட டீசலில் அமிலம் குறைவாகவே உண்டாகிறது என்பதால் கார எண் முன்போல வேகமாகக் கரைவதில்லை. நீட்டிப்பு இன்று சாத்தியமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: சிலிக்கான் அதிகம் என்று அறிக்கை வந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினோம். அடுத்த மாதிரியிலும் குறையவில்லை. என்ன செய்வது?

சிலிக்கான் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஆயிலில் நுரை வராமல் தடுக்கச் சேர்க்கும் பொருளில் சில பிபிஎம் இருக்கும். புதிய என்ஜினிலும், சமீபத்தில் பிரித்துப் பூட்டிய என்ஜினிலும் கேஸ்கெட் இடத்தில் தடவிய சிலிகோன் பசையிலிருந்து கணிசமாகக் கரைந்து வரும். இது ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் குறைந்துகொண்டே போகும், என்ஜினுக்குக் கேடு செய்யாது. மூன்றாவதுதான் மண்தூசி. அதைத் தனியே அடையாளம் காண அதன் கூட்டாளிகளைப் பாருங்கள். மண்ணில் அலுமினியமும் இருப்பதால் சிலிக்கானோடு அலுமினியம் ஏறும். தூசி ரிங்கையும் லைனரையும் அறுப்பதால் குரோமியமும் இரும்பும் உடன் ஏறும். சிலிக்கான் மட்டும் தனியே உயர்ந்து மற்றவை அப்படியே இருந்தால் பசையைச் சந்தேகிக்கலாம்.

தூசிதான் என்று உறுதியானால், ஃபில்டரை மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாய், ரப்பர் இணைப்பு, கிளிப் ஆகியவற்றில் ஏதேனும் விரிசலோ தளர்வோ இருந்தால், எத்தனை நல்ல ஃபில்டரைப் போட்டாலும் காற்று அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால் தூசி படிந்திருந்தால் ஓட்டை அருகில்தான் இருக்கிறது. ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கமும் இதற்குக் காரணமாகலாம், ஏனெனில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சிறிது தூசி சுத்தமான பக்கத்தில் விழுகிறது. இந்தக் கோளாறு சரியாகும்வரை நீட்டிப்பு என்ற பேச்சே வேண்டாம்.

கேள்வி: பாகுத்தன்மை சரியாக இருக்கும்போது ஆயிலில் டீசல் கலந்திருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, பலர் ஏமாறும் இடம் இதுதான். எஸ்ஏஇ 40 என்ற தடிப்புத் தரமுள்ள ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்குக்கு (பாகுத்தன்மையின் அலகு) குறையாமலும் 16.3-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். டீசல் கலந்தால் ஆயில் இளகும். கரி சேர்ந்தாலும் ஆக்சிஜனேற்றம் ஆனாலும் தடிக்கும். இரண்டும் சேர்ந்து நடக்கும்போது ஒன்றை மற்றொன்று ஈடுகட்டி, எண் 14 என்று சாதுவாக நிற்கும். ஆகவே டீசல் கலப்பை நேரடியாக அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபி சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கலப்பு இருந்தால் இன்ஜெக்டர்களைப் பார்க்க வேண்டும். நெடுநேரம் நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிடுவதும் காரணமாகலாம். புகைக்குழாயிலுள்ள கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வதற்காக சிலிண்டருக்குள் தாமதமாக டீசலைப் பீச்சும் என்ஜின்களிலும் இது நேரும். பயோடீசல் கலந்த எரிபொருளானால், அது எளிதில் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மாதிரியை எப்படி எடுப்பது? ஆயில் வடிக்கும்போது பிடித்தால் போதுமா?

போதும், ஆனால் நடுவில் பிடிக்க வேண்டும். முதலில் கொட்டுவதில் அடியில் தங்கிய கசடு இருக்கும். கடைசியாக வடிவதும் சரியான மாதிரி அல்ல. வண்டி ஓடி வந்து சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சுவது இன்னொரு வழி. ஆயில் ஃபில்டருக்கு முன்பாக ஒரு மாதிரி வால்வைப் பொருத்தி, என்ஜின் ஓடும்போதே எடுப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. எந்த வழியானாலும் ஒவ்வொரு முறையும் அதே வழியில், அதே இடத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய அறிக்கையோடு ஒப்பிட முடியாது. வண்டியின் மொத்த ஓட்டம், ஆயில் ஓடிய தூரம், இடையில் ஊற்றிய அளவு, ஆயிலின் பெயரும் தரமும் ஆகிய நான்கையும் எழுதாமல் அனுப்பும் புட்டிக்கு ஆய்வகம் பாதிப் பதில்தான் தர முடியும்.

கேள்வி: ஒரே மாடல் லாரிகள் பல இருக்கின்றன. ஒன்றைச் சோதித்து எல்லாவற்றுக்கும் அதே இடைவெளியை வைக்கலாமா?

கூடாது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் லாரியும், நின்று நின்று சரக்கு இறக்கும் லாரியும், என்ஜினை ஓடவிட்டபடியே பம்பையோ கிரேனையோ இயக்கும் லாரியும் ஆயிலைப் பொறுத்தவரை வெவ்வேறு என்ஜின்கள். பின்னிரண்டுக்கும் கிலோமீட்டரை விட்டுவிட்டு என்ஜின் ஓடிய மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரே வேலை செய்யும் வண்டிகளைக் குழுவாகப் பிரித்து, குழுவில் மிக மோசமான அறிக்கை தரும் வண்டிக்கு ஏற்றபடி இடைவெளி வைப்பது பாதுகாப்பானது.

கேள்வி: அறிக்கை ‘இயல்பு’ என்று வந்த பிறகும் பேரிங் போய்விட்டது. பரிசோதனையை எப்படி நம்புவது?

உலோகத்தை அளக்கும் நிறமாலைக் கருவிக்கு நுண்ணிய துகள்கள்தான் தெரியும்; ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரானுக்கு (மைக்ரான்: மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்டவற்றை அது எண்ணும், அதற்கு மேற்பட்ட துண்டுகள் அதன் பார்வையில் படா. மெதுவாகத் தேயும் பாகத்தை அது நன்றாகக் காட்டும். மேற்பரப்பு பெயர்ந்து செதில்களாக உதிரும் பேரிங்கைக் காட்டாமல் போகலாம். அதனால் ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து, அதன் மடிப்புகளை விரித்துப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். பெரிய இரும்புத் துகள்களைக் காந்தத்தின் வழியே கண்டறியும் சோதனையையும் ஆய்வகத்திடம் சேர்த்துக் கேட்கலாம்.

கேள்வி: எல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு தூரம் நீட்டிக்கலாம்?

முதலில், உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியானால் தயாரிப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எதையும் செய்ய வேண்டாம். அதன் பிறகு, வழக்கமான இடைவெளியிலேயே குறைந்தது மூன்று மாதிரிகள் எடுத்து அந்த என்ஜினின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பத்து அல்லது பதினைந்து சதவீதம் கூட்டி, அந்தத் தூரத்திலும் அடுத்தடுத்த இரண்டு மாதிரிகள் நன்றாக வந்த பின்னரே அடுத்த படிக்குப் போங்கள். ஒரே தாவலில் இடைவெளியை இரட்டிப்பாக்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

ஆயில் தாங்கும் தூரத்தை ஆயில் ஃபில்டரும் தாங்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குகளுக்குப் போகும். நீண்ட இடைவெளிக்கென்று செய்த ஃபில்டரை வாங்குங்கள், இல்லையேல் ஃபில்டரைப் பழைய கணக்கிலேயே மாற்றுங்கள். கிரீஸ் அடிப்பது, பெல்ட், பிரேக், கூலண்ட் அளவு ஆகியவற்றைப் பார்ப்பது போன்ற வேலைகள் ஆயில் மாற்றத்தோடு சேர்ந்தே நடந்துவந்திருக்கும். அவற்றுக்குத் தனி அட்டவணை ஒன்றை எழுதிப் பணிமனையில் கொடுத்த பிறகு ஆயில் இடைவெளியைக் கூட்டத் தொடங்குங்கள்.