ராஸ்பெர்ரி பை நோஐஆர் கேமராவின் (அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாதது) லென்ஸைக் கழற்றிவிட்டு மெட்டாலென்ஸ் வைத்தால் படம் தெளிவாக வருமா?

வரும் தம்பி, ஒரே அலைநீளத்தில் மட்டும். பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட் என்று நினைத்துச் சொல்கிறேன்: வண்ணப் படத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

மெட்டாலென்ஸில் வளைவே கிடையாது. தட்டைக் கண்ணாடிமேல் நிற்கும் நுண்தூண்கள், தங்கள் தடிமனுக்கேற்ப ஒளியைத் தாமதப்படுத்திக் குவிக்கின்றன. அலைநீளம் கூடினால் குவியத்தூரம் அதே விகிதத்தில் குறையும்: 532 நானோமீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 660இல் 0.81தான்.

940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கான, 1 மி.மீ. குவியத்தூரமுள்ள எஃப்/2 (விட்டம் குவியத்தூரத்தில் பாதி) லென்ஸ் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குவிய ஆழம், அதாவது படம் தெளிவாக இருக்கும் தூர வரம்பு, ±7.5 மைக்ரான், மொத்தம் 15. சிங்கப்பூர் சிம் லிம் டவரில் கிடைக்கும் ரிமோட் எல்இடியின் ஒளி சுமார் 50 நானோமீட்டர் அகலம். குவியம் 53 மைக்ரானுக்குப் பரவி, படம் பனிமூட்டமாகும். 10 நானோமீட்டர் அகல ஒளியை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போட்டால் பரவல் 11 மைக்ரான், ஆழத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே முதல் காசு ஃபில்டருக்கு. சாய்ந்து வரும் கதிருக்கு ஃபில்டரின் பட்டை குறைந்த அலைநீளப் பக்கம் நகரும். அதனால் முதலில் பத்துப் பாகைச் சாய்வுக்குள் வரும் காட்சியை மட்டும் படமெடுத்துப் பாருங்கள்.

லென்ஸை எம்12 குழலில் (சிறு கேமரா லென்ஸுக்கான 12 மி.மீ. மரைக் குழல்) பொருத்தினால், அரை மி.மீ. மரையில் ஒரு சுற்று 500 மைக்ரான். உங்களுக்குள்ள குவிய ஆழமான 15 மைக்ரான் வெறும் 11 பாகைத் திருப்பு. மெல்லத் திருப்புங்கள். லென்ஸின் விட்டம் அரை மி.மீ.தான், சுற்றியுள்ள வெற்றுக் கண்ணாடியைக் கறுப்பு ஃபாயிலால் மறைக்காவிட்டால் நேராக நுழையும் வெளிச்சம் படத்தை வெளுத்துவிடும்.

"ஹார்வர்ட் 2016இலேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்ததே" என்பவர்களுக்கு: 405, 532, 660 நானோமீட்டர், ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ். 2021இல் பிரின்ஸ்டனும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் காட்டிய உப்புக்கல் அளவு வண்ணக் கேமராவில், 16 லட்சம் தூண்களோடு படத்தை மீட்கும் கணினி முறையையும் சேர்த்தே வடிவமைத்தார்கள்.

விற்பவர்கள் "திறன் 90%" என்று போடுவது எனக்கு எரிச்சல். ஊடுருவிய ஒளியா, குவிந்த ஒளியா? குவியாமல் கடந்த ஒளிதான் படத்தின் கான்ட்ராஸ்டைக் கெடுக்கும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.  

தூண் பக்கம் எது என்றும் கேளுங்கள். அதில் விரல் படக்கூடாது, துணியும் படக்கூடாது. ரப்பர் ஊதியால் தூசி தட்டி, உலர்பெட்டியில் வையுங்கள்.