வாசகர் கேள்வி பதில்: டான் ஷின்பெய் – முழக்கத்தைக் குழைத்த குரல்

பெய்ஜிங் ஓபராவின் தொடக்கக் காலப் பாடகர் டான் ஷின்பெய் (1847–1917) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

டான் ஷின்பெய் யார்? பெய்ஜிங் ஓபரா என்றதும் அவர் பெயரை ஏன் முதலில் சொல்கிறார்கள்?
– மதுரை வாசகர்

ஹூபெய் மாகாணத்தில், இன்றைய வூஹான் பகுதியில் பிறந்தவர். அப்பாவும் மேடைப் பாடகர்தான். அவருக்குக் கூவும் பறவை ஒன்றின் பெயரில் 'ஜியாவ்தியென்' என்ற பட்டம் இருந்ததால், மகன் 'சின்ன ஜியாவ்தியென்' ஆனார். குடும்பம் தியான்ஜின் வழியாகப் பெய்ஜிங் வந்தது. பையன் நாடகப் பயிற்சிக் குழு ஒன்றில் சேர்ந்து பாட்டும் சண்டையும் கற்றான்.

பருவ வயதில் குரல் உடைந்தது. பாட முடியாத அந்த ஆண்டுகளில் சண்டை வேடங்களில் நடித்தும், கிராமங்களில் சுற்றும் குழுக்களில் ஆடியும் பிழைத்தார். பிறகு பெய்ஜிங்கின் புகழ்பெற்ற சான்சிங் குழுவுக்கு வந்து, அதன் தலைவர் செங் சாங்கெங்கின் நிழலில் வளர்ந்து, 'லாவ்ஷெங்' எனப்படும் தாடி வைத்த மூத்த ஆண் வேடத்துக்கு மாறினார். 1890-இல் அரண்மனையில் பாட அழைக்கப்பட்டார். பேரரசி சிஷி இருந்தவரை அவருடைய ஆதரவு இருந்தது.

முடிவு கொடுமையானது. 1917-இல் தென்பகுதித் தளபதி ஒருவருக்கு வரவேற்பு நடந்தபோது, நோயுற்றிருந்தவரைக் கட்டாயப்படுத்திப் பாட வைத்தார்கள். அன்று அவர் பாடியது 'ஹோங்யாங் குகை'. அந்த நாடகத்தின் நாயகனும் நோயில் இறப்பவன். அதற்குப் பின் டான் தேறவில்லை, அந்த ஆண்டு மே மாதம் இறந்தார்.

பெய்ஜிங் ஓபராவில் ஆண்கள் எல்லாரும் கீச்சுக் குரலில்தான் பாடுவார்களா?
– நாகர்கோவில் வாசகர்

இல்லை. பெண் வேடத்துக்குப் பொய்க்குரல். இளைஞர் வேடத்தில் பொய்க்குரலும் இயல்புக் குரலும் கலந்து வரும். டான் ஏற்ற லாவ்ஷெங் வேடம் முழுக்க இயல்புக் குரல். பெண் வேடப் பாடலை மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கியவர்கள் லாவ்ஷெங்கிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

பாடும் முறையில் அவர் உண்மையில் எதை மாற்றினார்?
– தஞ்சாவூர் வாசகர்

அவருக்கு முந்தைய தலைமுறையில் செங் சாங்கெங், யூ சான்ஷெங், ஜாங் அர்குய் மூவரும் உச்சத்தில் இருந்தார்கள். யூ மட்டும் வளைவுகள் சேர்த்துப் பாடுவார். பொதுவாக, நேராக, உயரத்தில், உரத்துப் பாடுவதே மதிப்பு. டானுக்கு அந்தப் பெருங்குரல் கிடையாது. தொடக்கத்தில் சற்று மங்கி, போகப் போகத் தெளியும் குரல். சீன ரசிகர்கள் இதை 'மேகம் மறைத்த நிலா' என்பார்கள். எனவே ஓசையின் அளவை நம்பாமல் சொல்லை நம்பினார்.

சீன மொழியில் ஒவ்வோர் அசைக்கும் 'தொனி' எனப்படும் ஏற்ற இறக்கம் உண்டு, அது மாறினால் பொருளும் மாறும். டான் ஹூபெய்ப் பக்கத்து ஏற்ற இறக்கத்தையும், நாடகங்களில் வழங்கிய நடுநிலத்து எதுகை மரபையும் சேர்த்துப் பயன்படுத்தினார். பெய்ஜிங் பேச்சில் நான்காம் தொனி மேலிருந்து கீழே விழும். ஹூபெய் முறையில் அதே சொல் மேலே ஏறும். மூன்றாம் தொனியோ அங்கே உயரத்தில் தொடங்கி இறங்கும். மெட்டு இந்தப் போக்கோடு போக வேண்டும். எதிராகப் போனால் சொல் கவிழ்ந்துவிட்டது என்று பழகிய காது உடனே பிடித்துவிடும். அவருடைய வளைவுகள் பெரும்பாலும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல, சொல்லின் தொனியைக் காப்பாற்ற வந்தவை.

அடுத்தது அசையைப் பிரிக்கும் விதம். 'தியென்' என்ற ஓரசைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலை 'த்', உடல் உயிரொலி, வால் 'ன்'. தலையைச் சட்டென்று தெளிவாகப் போட்டு, நீட்டல் முழுவதையும் உடலில் வைத்து, கடைசிக் கணத்தில்தான் 'ன்' மூட வேண்டும். புதிதாகப் பாடுபவர் அவசரப்பட்டு முன்னதாகவே மூடிவிடுவார். ஒலி மூக்குக்குள் போய்விடும், கடைசி வரிசைக்குச் சொல் எட்டாது.

மூன்றாவது, நீட்டலின் முடிவில் வரும் 'சோவ்' என்ற மிகச் சிறிய நடுக்கம். இரண்டு மூன்று சுரங்களை வேகமாக உதறி, ஒலியை மெலியவிட்டு நிறுத்துவது. அதற்கு முன் கேட்பவருக்குத் தெரியாமல் மூச்சைத் திருடிக்கொள்ள வேண்டும். நெஞ்சை உயர்த்தி மூச்செடுத்தால் தோள் அசையும், உதறலும் கரடுமுரடாகும்.

டானின் குரல் இனிமை மிகுந்து மென்மைக்குச் சாய்கிறது, ஆனாலும் தனக்குப் பிறகு மேடை அவனுடையதுதான் என்று செங் சாங்கெங் சொன்னதாக நாடக வட்டாரத்தில் ஒரு செய்தி வழங்குகிறது. மென்மை என்ற குறையை நாங்கள் ஏற்கவில்லை. வீரம் பேசும் கிழத் தளபதி ஹுவாங் ஜோங்கையும், விடுதி வாடகைக்குக் குதிரையை விற்க நிற்கும் சின் சியோங்கையும் ஒரே முழக்கத்தில் பாடினால் இரண்டு மனிதர்கள் எங்கே தெரிவார்கள்?

அவருடைய 'குதிரை விற்றல்' பதிவைக் கேட்டேன். இரைச்சலும் மந்தமும்தான் மிஞ்சின. எப்படிக் கேட்பது?
– கோயம்புத்தூர் வாசகர்

குறை பாடகரிடம் இல்லை, பெரும்பாலும் இசைத்தட்டை ஓட்டிய முறையில்தான் இருக்கும். உண்மையானவை என்று ஏற்கப்பட்டவை ஏழரைத் தட்டுகள் (அரை என்பது தட்டின் ஒரு பக்கம்). 1907-இல் ஒன்றரை, 1912-இல் ஆறு, எல்லாம் பாத்தே என்ற பிரெஞ்சு இசைத்தட்டு நிறுவனத்துக்காக. 'குதிரை விற்றல்' 1907-ஐச் சேர்ந்தது.

பாத்தே தட்டுகளில் ஊசி பக்கவாட்டில் ஆடாமல் மேலும் கீழும் ஆடும். பழைய தட்டுகள் உட்புறத்தில் தொடங்கி வெளியே ஓடும். சாதாரண ஊசியும் சாதாரண இணைப்பும் கொண்டு படியெடுத்தால் இரைச்சல் ஏறி, குரல் பின்னால் போய்விடும். வேகம் இன்னொரு சிக்கல். அந்தக் காலப் பாத்தே தட்டுகள் பல நிமிடத்துக்கு 90 முதல் 100 சுற்று ஓடுபவை. 90-இல் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய இரண்டரை அரைச்சுரம் இறங்கும், தாளமும் 13 சதவீதம் தளரும். 'ஜிங்ஹு' என்ற சிறிய மூங்கில் வில்வாத்தியம் கூர்மையாகக் கீறவேண்டும். அது 'அர்ஹு' என்ற பெரிய வில்வாத்தியம் போலக் கொழகொழவென்று ஒலித்தால் வேகம் குறைவு என்று வைத்துக்கொண்டு, இன்னொரு படியைத் தேடுங்கள்.

தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். ஆகவே மேடையில் நிதானமாக விரியும் பகுதிகளைச் சுருக்கித்தான் பாட முடிந்தது. முதல் முறை பாட்டை விட்டுவிட்டு ஜிங்ஹுவை மட்டும் கேளுங்கள். வாசித்திருப்பவர் மெய் யூதியென், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மெய் லான்ஃபாங்கின் பெரியப்பா. குரலுக்கு இடம்விட்டு, இடைவெளியில் மட்டும் தலைகாட்டும் வாசிப்பு. 1912 தட்டுகளில் டானின் மகன் வாசிக்கிறார்; அந்த இணக்கம் அங்கே இல்லை. டான் பெயரில் போலித் தட்டுகளும் புழங்கின, எச்சரிக்கை.

கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். இந்தப் பாணியில் ஒரு பாட்டாவது பாட ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– சென்னை வாசகி

சீபி, அர்ஹுவாங் என்று இரண்டு பெரிய மெட்டுக் குடும்பங்கள் உண்டு. நீங்கள் சீபியில் தொடங்குங்கள். ஜிங்ஹுவின் இரண்டு தந்திகளைச் சீபிக்குத் 'த – க' என்றும், அர்ஹுவாங்குக்குப் 'ப – ரி' என்றும் கூட்டுவார்கள். பாட்டு இரண்டிரண்டு வரிகளாக வரும். வரிக்கு 7 அசை (2-2-3) அல்லது 10 அசை (3-3-4). லாவ்ஷெங் சீபியில் மேல்வரி பெரும்பாலும் ரிஷபத்திலும் கீழ்வரி ஷட்ஜத்திலும் முடியும். அர்ஹுவாங்கில் அது தலைகீழ். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எங்கே இருக்கிறோம் என்பது தொலையாது.

நான்கு வரிகளை எடுத்து, சுரமில்லாமல், தொனியோடு மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். இது கூடும்வரை மெட்டுக்குப் போகவேண்டாம். பிறகு தாளம். நிதான நடையில் ஒரு தட்டு, மூன்று விரலெண்ணிக்கை. சீபி வரி தட்டில் தொடங்காது. நடு எண்ணிக்கையில் எடுத்துத் தட்டில் முடிக்க வேண்டும். சமத்தில் எடுத்தே பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். முதல் அசையைத் தட்டுக்குத் தள்ளிவிட்டால் ஜிங்ஹு முன்னே போய்விடும்.

சுருதி விஷயத்தில் வீம்பு வேண்டாம். இன்றைய ஆண் லாவ்ஷெங்குகள் பலர் மூன்று, நான்கு கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். உங்களுக்கு அது சிரமமாக இருக்காது. ஆண்கள் முதலில் இரண்டு கட்டை இறக்கிக்கொள்வது நல்லது. ஜிங்ஹுவை அவ்வளவு தளர்த்தினால் தந்தி தொய்ந்து ஒலி செத்துவிடும், அகன்ற குழாயுள்ள கருவிக்கு மாற வேண்டும்.

உங்கள் பயிற்சியே ஓரிடத்தில் எதிராக நிற்கும். நீண்ட சுரம் வந்தால் கமகம் தானாக வந்துவிடும். இங்கே நீட்டலின் உடல் அசையாமல் நிற்க வேண்டும், அசைவு வாலில் மட்டும். ஒரே நீட்டலை முதலில் அசைவே இல்லாமல், அடுத்து முடிவில் ஒரே ஒரு உதறலோடு என்று மாறி மாறிப் பாடிப் பதிவுசெய்து கேளுங்கள். வீட்டில் 13–16 வயதுப் பையன் கூடவே பாட வந்தால், குரல் மாறும் அறிகுறி தெரிந்ததும் உயரச் சுரங்களை நிறுத்திவிடுங்கள்.

அவர் சினிமாவில் நடித்தாராமே?
– சேலம் வாசகர்

ஆம். 1905-இல் பெய்ஜிங்கின் ஃபெங்தாய் புகைப்பட நிலையம் 'திங்ஜுன் மலை' நாடகத்தின் சில பகுதிகளை முற்றத்து வெயிலில் படமாக்கியது. ஹுவாங் ஜோங் வேடத்தில் டான். சீனாவின் முதல் திரைப்படமாக இதைத்தான் சொல்கிறார்கள். ஊமைப்படம் என்பதால் பாட்டை விட்டு வாள்வீச்சையும் சண்டையையும் எடுத்தார்கள். பிரதி எதுவும் மிஞ்சவில்லை.

அவர் பாணியை இன்று யாரிடம் கேட்பது?
– திருச்சி வாசகர்

தொழில் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. பேரன் டான் ஃபூயிங்கின் (1906–1977) குரல் தாத்தாவைவிட வெளிச்சமானது, புதியவர்களுக்கு ஏற்றது. நுணுக்கம் வேண்டுமானால் யூ ஷூயான் (1890–1943). முதல் மூவரில் ஒருவரான யூ சான்ஷெங்கின் பேரன், டானிடம் கற்றவர். அவர் விட்டுச் சென்றவை பதினெட்டரைத் தட்டுகள். ஒலி எவ்வளவோ தெளிவு. முதலில் யூ ஷூயானைக் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு, பிறகு 1907-க்குப் போங்கள்.